சாப்பாட்டோடு ஒரு தேத்தண்ணி

அரிசி டின்னில் அரிசி குறைந்துகொண்டே வந்தது. எலியாக இருக்கும் என்று நினைத்துப் பொறி வாங்கி, கருவாட்டுத் துண்டு மாட்டி, டின்னுக்குப் பக்கத்தில் வைத்தேன். கருவாடு அப்படியே இருந்தது. அரிசி மட்டும் குறைந்தது. டின்னுக்கு மூடி இருக்கிறதே, எலி எப்படி மூடியைத் திறந்து தின்றுவிட்டு மறுபடியும் மூடி வைக்கும் என்கிற யோசனை எனக்கு மெதுவாகத்தான் வந்தது.

ஒரு சாயங்காலம் விறகு எடுத்துக்கொண்டு உள்ளே வந்தபோது அக்கா மகள் டின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். கை டின்னுக்குள் இருந்தது. வாய் அசைந்துகொண்டிருந்தது.

"என்னா புள்ள பண்ற?"

"சும்மா மாமா. வாய் கேக்குது."

"சோறு போடவா?"

"சோறு வேணாம். இதுதான் நல்லாருக்கு. நறுக்கு நறுக்குன்னு."

எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "பச்ச அரிசியத் திங்காதடி. ஒங் கல்யாணத்தன்னைக்கு மழ கொட்டும்."

"இந்த ஊர்ல யாரு கல்யாணத்துக்குத்தான் மழ பெய்யல?" என்றாள் இவள், வாயில் அரிசியோடு.

எனக்கும் சிரிப்பு வந்தது. எலி இல்லை என்று தெரிந்ததில் நிம்மதியாகவும் இருந்தது. பொறியைப் பரண்மேல் தூக்கிப் போட்டேன். ஓட்டப்பந்தயத்தில் ஓடுகிற பெண், பசி அதிகம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் ஏன் சோறு வேண்டாம் என்றாள் என்பது மட்டும் புரியவில்லை.

தேயிலைக்கு விலை விழுந்த வருடங்கள் அவை. கோத்தகிரிப் பக்கம், கட்டபெட்டுக்குக் கீழே எங்கள் எஸ்டேட். சுற்றிலும் இருந்த சிறு தோட்டக்காரர்கள், கொழுந்து கிள்ளுகிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று கிள்ளாமலே விட்டுவிட்டார்கள். இடுப்பளவு இருக்க வேண்டிய செடிகள் ஆளுயரத்துக்கு வளர்ந்து மரம் போல நின்றன. நான் எஸ்டேட் பேக்டரியில், பச்சைக் கொழுந்தை வாட்டுவதற்காக விரித்துப் போடும் மேல்மாடியில் வேலை செய்தேன். முதலில் இரவு ஷிப்டை நிறுத்தினார்கள். அப்புறம் கொழுந்து உருட்டும் மிஷின்களில் பாதியை நிறுத்தினார்கள். அப்புறம் வாரத்தில் பாதி நாள்தான் அடுப்புக்கே நெருப்பு என்று ஆனது. விற்காத தூள் மூட்டை மூட்டையாகக் கிடங்கில் கிடந்தது. தொழிலாளிகளுக்கு மாதாமாதம் தரும் தூளை மட்டும் குறைக்கவில்லை, கூடுதலாகவே தந்தார்கள். எங்கள் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், அரிசி இல்லாத வீடு இருந்தது. தேயிலைத்தூள் இல்லாத வீடு இல்லை.

அத்தான் இறந்த பிறகு அக்கா கொழுந்து எடுத்துத்தான் மகளை வளர்த்தாள். அந்த வேலையும் போனதும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குக் கிளம்பிவிட்டாள். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. பாதியில் பள்ளிக்கூடம் மாற்ற முடியாது என்று என்னிடம் விட்டுப் போனாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. நாங்கள் சிலோனிலிருந்து வந்தபோது நான் சிறு பையன். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். ஒரு பெண்பிள்ளைக்குச் சமைத்துப் போட்டுப் பார்த்துக்கொள்வது பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் வேறு ஆள் இல்லை.

அவள் மூவாயிரம் மீட்டர் ஓடுவாள். அந்தத் தை மாதம் மாவட்டத்தில் முதலாவதாக வந்திருந்தாள். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் ஓட்டக்காரர்களுக்குப் படிப்பு, விடுதி, மூன்று வேளைச் சாப்பாடு எல்லாமே இலவசம். பள்ளி முடிந்ததும் அதற்கு ஒரு தேர்வு ஓட்டம் வைப்பார்கள். அக்கா போகும்போது பஸ் படியில் நின்றுகொண்டு சொன்னாள்: "சீட்டுக் கெடைச்சாப் படிக்கட்டும். கெடைக்கலன்னா எங்கூடக் கைமடிக்க வரட்டும்." கைமடிப்பது என்றால் தையல் மிஷினில் இருப்பவருக்குப் பக்கத்தில் நின்று நாள் முழுவதும் துணியை மடித்து மடித்துக் கொடுப்பது.

அதனால் அவளுக்கு என்ன போட்டால் ஓடுவாள் என்பதுதான் எனக்கு அப்போது ஒரே யோசனை.

விளையாட்டு மாஸ்டர் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள். நல்ல மனிதர். என்னைப் பார்க்கும்போதெல்லாம் "புள்ளைய நல்லாச் சாப்பிட வைங்க. புரதம் வேணுமுங்க" என்பார். நான் "சரிங்க சார்" என்பேன். புரதம் என்றால் என்னவென்று அவரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. கோத்தகிரியில் ஒரு கடையில் கேட்டேன். "அது டப்பாவுல வருதுங்க" என்று கடைக்காரர் ஒரு பெரிய டப்பாவை எடுத்துக் காட்டினார். அதன்மேல் சட்டை போடாத ஒரு ஆள் கையை மடக்கிக்கொண்டு நின்றான். எங்கள் பிள்ளை அப்படி ஆகிவிட்டால் அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்வது? அப்புறம் வருகிறேன் என்று சொல்லி வந்துவிட்டேன்.

எதிர்வீட்டு அக்காவுக்கு இதைச் சொன்னதும் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஊட்டி ரேஸ்ல ஓடுற குதிரைக்கு டப்பாவா குடுக்குறான்? கொள்ளு குடுக்குறான். நீயும் கொள்ளு அவிச்சுப் போடு."

அது எனக்குச் சரியாகப் பட்டது. கொள்ளு ரசம், கொள்ளுக் கடையல், கொள்ளுச் சுண்டல் என்று மாற்றி மாற்றிச் செய்தேன். நாலு நாள் கழித்து அவள் தட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மாமா, நாளைக்கு நான் பேசமாட்டேன். கனைக்கத்தான் செய்வேன்."

கீரை நல்லது என்று ரேடியோவில் சொன்னார்கள். தண்டங்கீரை, பொன்னாங்கண்ணி, எது கிடைத்தாலும் வாங்கினேன். ராகிக் களி கிண்டினேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரல் கொஞ்சம், அவளுக்கு மட்டும். மாஸ்டருடைய விதிகள் வேறு இருந்தன. ஓடுவதற்கு முன்னால் வயிறு காலியாக இருக்க வேண்டும். ஓடும்போது தண்ணீர் கூடாது. ஓடி முடித்ததும் உடனே சாப்பிட்டால் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும், ஒரு மணி நேரமாவது போக வேண்டும். "தேத்தண்ணி குடிக்கலாமுங்களா சார்?" என்று கேட்டேன். "டீ தப்பில்லீங்க. அந்தக் குளுருக்கு வேணுமில்லீங்க?" என்றார்.

அது ஒன்றுதான் எனக்குக் குழப்பம் இல்லாத பொருள். விடிவதற்கு முன்னால் கருப்பட்டி கடித்துக்கொண்டு குடிக்க ஒரு டம்ளர். அவள் கட்டபெட்டு வரை மேடு ஏறி ஓடித் திரும்பியதும் ஒரு டம்ளர். அப்புறம் ரொட்டியும் கீரையும் தின்னும்போது பெரிய டம்ளர். சாயங்காலம் பயிற்சி முடிந்து வந்தால் ஒன்று, களியோடு ஒன்று. பால் கிடையாது, கடும்சாயம். தூள் போட்டுக் கொதிக்கவிட்டு, மூடி வைத்து, நிறம் நன்றாக இறங்கிய பிறகு வடிகட்டுவேன். ஒரு வாய் சாப்பாடு, ஒரு வாய் தேத்தண்ணி. எங்கள் லயத்தில் சாப்பிடுவது என்றால் அதுதான். தண்ணீரை வைத்துக்கொண்டு ரொட்டி தின்கிற ஒருவரையும் நான் பார்த்ததில்லை. பேக்டரி ஆள் வீடு என்பதால் எங்களுக்குக் கிடைத்த தூளும் நல்ல தூள்.

மாசி, பங்குனி என்று போகப் போக அவள் மெதுவாகிக்கொண்டே வந்தாள். மாஸ்டர் கையில் இருக்கும் கடிகாரத்தைப் பார்ப்பார், அவளைப் பார்ப்பார், மறுபடியும் கடிகாரத்தைப் பார்ப்பார். "எங்கியோ இடிக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் பயிற்சியைக் கூட்டினார். அவள் இன்னும் மெதுவானாள். நான் கீரையைக் கூட்டினேன். தேத்தண்ணி டம்ளரையும் பெரியதாக மாற்றினேன்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தட்டைப் பிடித்தபடி தூங்கிவிடுவாள். லயத்துப் படிகளில் முழங்காலில் கை ஊன்றி ஏறுவாள். கொழுந்து எடுத்துவிட்டு முதுகில் சுமையோடு வருகிற பெண்கள் அவளைத் தாண்டிப் போவார்கள். "ஏன்டி, எங்களையே முந்த முடியல, நீ கோயமுத்தூர்ல யார முந்தப்போற?" என்று ஒருத்தி கேட்டாள். பதிலுக்குப் பதில் பேசுகிறவள் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டாள்.  அன்று என்னிடம், "மாமா, மேட்டுல போனா காலு என்னோடது இல்லாத மாதிரி இருக்கு" என்றாள்.

எனக்குத் தலை சுற்றியது. சாப்பாடு குறைவா, அதிகமா? கொள்ளு சூடு என்கிறார்களே, அதனாலா? பரீட்சைக் கவலையா? காத்துக் கருப்பா? போடப் போட ஒரு பிள்ளை எப்படி வற்றும்?

பரீட்சை முடிந்த பிறகு ஒரு நாள் காலை மாஸ்டர் அவளைத் தன் ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து அழைத்து வந்தார். "மேட்டுல ரோட்டோரமா உக்காந்துட்டாளுங்க. எந்திரிக்க முடியலீங்கறா. ஏனுங்க, ஒருக்கா ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாத்துருங்களே."

குன்னூரில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தை அழுத்திப் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள். அப்புறம் என்னைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னார். பெண்களிடம் கேட்கிற கேள்விகளாக இருக்கும் என்று தெரிந்து, நான் நடையின் கடைசிவரை போய் நின்றுகொண்டேன். மறுபடியும் கூப்பிட்டபோது அவர் முகம் கடுமையாக இருந்தது.

"ரத்தம் ரொம்பக் கம்மி. நீங்க யாரு இவளுக்கு?"

"தாய்மாமனுங்க."

"என்ன சாப்பிடறா?"

எனக்குத் தைரியம் வந்தது. சொல்வதற்கு நிறைய இருந்தது. கீரை, ராகி, கொள்ளு, ஈரல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "நல்ல சாப்பாடுதானே. அப்புறம் ஏன்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். டாக்டருக்கே விளங்கவில்லையே என்று எனக்குப் பயமாகிவிட்டது. பிறகு அவர் கேட்டார்: "அதோட என்ன குடிப்பா?"

"தேத்தண்ணிங்க."

"எப்ப?"

கேள்வி புரியவில்லை. "சாப்பாட்டோடதானுங்க. கடும்சாயம்" என்றேன்.

டாக்டரம்மா பேனாவை மேசைமேல் வைத்தார். "கீரையிலயும் ராகியிலயும் இருக்கிற இரும்புச்சத்தை அந்தச் சாயம் பிடிச்சுக்கும். ரத்தத்துல சேர விடாது. நீங்க போட்டதுல பெரும்பகுதி அப்படியே வெளிய போயிருச்சு."

"ஏனுங்க டாக்டரம்மா, நாங்க எல்லாரும் அப்பிடித்தானுங்களே குடிக்கிறோம்?"

"எல்லாரும் இவளை மாதிரி ஓடறாங்களா? ஓடறவங்களுக்கு ரத்தம் கூடுதலா வேணும். உங்க லயத்துப் பொம்பளைங்க ரத்தத்தையும் ஒரு நாள் பாக்கணும், அது வேற. இவ அரிசியப் பச்சையாவே திங்கறாளாமே?"

நான் திகைத்துப்போனேன். அதை ஏன் டாக்டரிடம் சொன்னாள்? "ஆமாங்க" என்றேன்.

"ரத்தம் இல்லாதவங்களுக்கு அப்படி வாய் கேக்கும். சில பேர் சாம்பல் திம்பாங்க, சில பேர் மண்ணு. ரத்தம் ஏறினா அது தானா நிக்கும்."

அதோடு விடவில்லை. அவள் சாப்பிடுகிற அளவே ஓடுகிற ஓட்டத்துக்குப் பத்தாது என்றார். வெறும் வயிற்றில் ஓடவிடக் கூடாது. ஓடி வந்ததும் காத்திருக்காமல் உடனே ஒரு முட்டையோ, வாழைப்பழமோ, வேர்க்கடலையோ, எதையாவது கொடுக்க வேண்டும். "பத்தாதபோது உடம்பு என்ன பண்ணும் தெரியுமா? ஒவ்வொரு வேலையா நிறுத்திக்கிட்டே வரும்" என்றார். அவர் சொன்னதிலேயே எனக்கு முழுதாக விளங்கியது அது ஒன்றுதான். எங்கள் பேக்டரியும் அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

அவர் எழுதித் தந்த இரும்புச்சத்து மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிட வேண்டும். தேத்தண்ணி சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளித்தான். ரத்தம் ஏறும்வரை ஓடக் கூடாது.

"மேடம், மூணு வாரத்துல ட்ரையல் இருக்கு" என்றாள் இவள்.

"இருக்கட்டும். நீ படுத்துத் தூங்கு."

பஸ்ஸில் வரும்போது ரோட்டுக்கு இரண்டு பக்கமும் தேயிலைதான். எத்தனை தடவை போன பாதை. அன்றைக்கு அதைப் பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது. தெரிந்தவர்கள் வீட்டைப் பற்றி யாரோ தப்பாகச் சொல்லிக் கேட்டுவிட்டு அந்த வீட்டைத் தாண்டிப் போவது போல. இவள் என் தோளில் சாய்ந்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். "அப்ப அந்த ஈரல் எல்லாம் வேஸ்ட்டா மாமா?" என்று கேட்டாள்.

அன்று ரொட்டிக்குத் தேத்தண்ணி இல்லாமல் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவள் மட்டும் தனியாக அப்படிச் சாப்பிட வேண்டாம் என்று நானும் வைத்துக்கொள்ளவில்லை. ரொட்டி தொண்டையில் நின்றது. எதிர்வீட்டு அக்கா நடுவில் வந்து நின்று கேட்டாள். "வெல போகாதுன்னாங்க, சரி. இப்பக் குடிக்கவும் ஆகாதா? அப்புறம் இத என்னாத்துக்குத்தான் நட்டாங்க?"

"தள்ளித்தள்ளிக் குடிக்கலாமாம் அத்த" என்றாள் இவள்.

"எங்கம்மா சாகுறவரைக்கும் சோத்தோட குடிச்சா."

"எப்ப செத்தாங்க?"

"அத ஏன் கேக்குற" என்று சொல்லிவிட்டு எதிர்வீட்டு அக்கா போய்விட்டாள்.

மாஸ்டர் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "டாக்டருங்க அப்பிடித்தான் சொல்லுவாங்க. மாத்திரை குடுங்க, வேண்டாங்கல. ஆனா இப்ப ஒடம்பு நின்னுருச்சுன்னா அத்தனை பயிற்சியும் போயிருமுங்க. மெதுவாவாச்சும் ஓடட்டும்." நான் "சரிங்க சார்" என்றேன். டாக்டரம்மாவிடமும் "சரிங்க" என்றுதான் சொல்லியிருந்தேன். இரண்டு படித்தவர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் என்னைப் போன்றவன் எதைப் பிடித்துக்கொள்வது?

கட்டபெட்டு பூத்திலிருந்து அக்காவின் கம்பெனிக்குப் போன் போட்டேன். பின்னால் மிஷின் சத்தம் கேட்டது.

"டாக்டரு ஓட வேணாங்குறாங்க. சாரு ஓடணுங்குறாரு."

"நீ என்னாங்குற?"

"நான் என்னாத்தச் சொல்ல?"

"அதத்தான்டா கேக்குறேன். நீதான அங்க இருக்க?" என்றாள். அதற்குள் யாரோ அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஓய்வு என்பதும் எனக்கு விளங்கவில்லை. லயத்தில் அப்போது ஓய்வுக்கு என்ன பஞ்சம்? வாரத்தில் பாதி நாள் வேலை இல்லாமல் எல்லோரும் ஓய்வில்தான் இருந்தோம். அதனால் ஒருவருக்கும் உடம்பு தேறியதாகத் தெரியவில்லை. ஆனாலும் மறுநாள் விடிகாலையில் அவள் உட்கார்ந்து ஷூவுக்கு நாடா கட்டியபோது பக்கத்தில் போய் நின்றேன். போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் போய், பாதி தூரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொண்டாள். அவளுக்கு இருந்தது ஒரே ஜோடி ஷூ. அன்று மத்தியானம் அதை எடுத்து, பைப்படியில் வைத்து, சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். அந்தப் பனியிலும் தூறலிலும் எங்கள் ஊரில் ஒரு கைக்குட்டை காயவே நாளாகும். ஷூவைக் கேட்கவே வேண்டாம்.

காய்கிற மாதிரித் தெரிந்ததும் மறுபடியும் கழுவினேன். "சேறா இருந்துச்சு" என்றேன். அவள் ஷூவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.  போர்வையை இழுத்துக்கொண்டு தூங்கப் போய்விட்டாள். அந்த நாட்களில் அவள் தூங்கிய தூக்கம் போல யாரும் தூங்கி நான் பார்த்ததில்லை.

ஒரு காரியம் மட்டும் தினமும் செய்தேன். காலையில் அரிசி டின்னைத் திறந்து, அரிசியை உள்ளங்கையால் மட்டமாகத் தடவி வைப்பேன். சாயங்காலம் திறந்து பார்ப்பேன். ரத்தம் ஏறினால் அது தானாக நிற்கும் என்று டாக்டரம்மா சொன்னாரே. கடிகாரம் பார்த்துக் கணக்குச் சொல்ல எனக்குத் தெரியாது. ரத்தம் டெஸ்ட் செய்த காகிதத்திலும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அரிசியில் விரல் தடம் இருக்கிறதா, இல்லையா என்பது எனக்குத் தெரியும்.

முதல் வாரம் முழுவதும் குழி குழியாக இருந்தது. இரண்டாவது வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். மூன்றாவது வாரம் அவள் முகத்திலும் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. "மாமா, படியில மூச்சு வாங்கல" என்றாள். மாஸ்டர் மைதானத்தில் இரண்டு சுற்று மட்டும் மெல்ல ஓடச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டார். "போலாமுங்க. நாளான்னைக்குக் காலைல மொத பஸ்ஸுங்க" என்றார். நானும் சந்தோஷப்பட்டேன். கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் டின்னைத் திறந்தேன். நடுவில் ஒரு பெரிய குழி. நாலு விரலின் தடம்.

மூடியை மூடிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு பிடி அரிசிக்காக ஒரு சீட்டை விடுவதா? பயத்தில் தின்றிருக்கலாம். பழக்கத்தில் தின்றிருக்கலாம். நாளைக்கு ஓடினால் அவளே முதலாவதாக வரலாம். மறுபடியும் ரோட்டோரம் உட்கார்ந்தும் விடலாம். திருப்பூர் மிஷின் சத்தம் காதில் கேட்டது. எவ்வளவு யோசித்தும் ஒரு பக்கமும் சாய முடியவில்லை. எழுந்துபோய் ஷூவை எடுத்து வாளியில் முக்கினேன்.

சாயங்காலம் நேரம் சொல்வதற்காக மாஸ்டர் வந்தார். கொடியில் ஷூ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "என்னங்க இது? நாளைக்கு ட்ரையலுங்க."

நான் தரையைப் பார்த்தேன்.

"நேராச் சொல்லத் தெரியாதா மாமா?" என்றாள் அவள், உள்ளேயிருந்து. குரலில் கோபம் இல்லை. கெஞ்சுவது போல இருந்தது.

"போக வேணாம்" என்றேன். மாஸ்டரைப் பார்த்துச் சொல்ல முடியாமல் ஷூவைப் பார்த்துச் சொன்னேன். "டாக்டரம்மா சொல்றவரைக்கும் வேணாமுங்க சார்."

மாஸ்டர் ஸ்கூட்டரை உதைத்தார். அது கிளம்பவில்லை. மறுபடியும் உதைத்தார். "ஒரு வருசம் போச்சுங்க" என்று சொல்லிவிட்டுத் தள்ளிக்கொண்டே போனார். அவள் அன்று இரவு முழுவதும் அழுதாள். எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்து அழுதாள்.

அக்கா என்னைத் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. வந்து மகளை அழைத்துக்கொண்டு போனாள். மாத்திரையையும் எலுமிச்சம்பழத்தையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்ல நினைத்தேன். "சாப்பாட்டோட வேணாம்" என்று மட்டும் வந்தது. "தெரியும் மாமா" என்றாள்.

அவள் கைமடிக்கப் போனாள். பேக்டரி முழுக்க மூடிக் கிடந்த நாட்களில் நான் திருப்பூர் போய் வருவேன். மூன்றாவது தடவை போனபோது, தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரிப் போய் அவர்கள் அரிசி டின்னைத் திறந்து பார்த்தேன். மட்டமாக இருந்தது. அக்காவிடம் கேட்டேன். "அதெல்லாம் எப்பவோ விட்டுட்டா. இப்பக் காலங்காத்தால கஞ்சியக் குடிச்சிட்டு ஓடப் போறா. வந்ததும் முட்ட கேக்குறா. எனக்கு முட்டைக்கே வேல செய்யுற மாதிரி இருக்கு" என்றாள். மேடு இல்லாத ஊர். நேரான ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் கோபித்துக்கொண்டு போனவர்தான். ஆனாலும் அவர்தான் கல்லூரியில் பேசி அடுத்த வருடத் தேர்வுக்கு அவளைக் கூப்பிட வைத்தார்.

அந்த ஓட்டத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. வேலிக்கு வெளியே நின்றிருந்தேன். பாதியில் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்றாவதாக வந்தாள். சீட்டுக் கிடைத்தது.

எதனால் என்பதுதான் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மலையில் ஏறி ஓடின பலம் அவ்வளவு சீக்கிரம் போகாது என்றார் மாஸ்டர். தான் சொன்ன கொள்ளுதான் என்றாள் எதிர்வீட்டு அக்கா. மாத்திரையும் ஓய்வும்தான் என்று டாக்டரம்மா சொல்லியிருப்பார். உன் அடுப்படியிலிருந்து தப்பித்ததால்தான் என்று அக்கா சிரித்தாள். முந்தின வருடமே போயிருந்தால் ஜெயித்திருப்பாளா என்று அவளிடம் ஒரு தடவை கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தெரியல மாமா" என்றாள்.

விடுதியில் சேர்க்கும் நாளில் நானும் போனேன். எங்கள் பக்கத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் கையில் ஒரு பொட்டலம் தேயிலைத்தூள் இல்லாமல் போவது வழக்கம் இல்லை. விடுதி அம்மாவுக்குக் கொடுக்க நல்ல தூளாக எடுத்து வந்திருந்தேன். சாப்பாட்டுக் கூடத்தைத் தாண்டிப் போகும்போது எட்டிப் பார்த்தேன். தட்டுக்குப் பக்கத்தில் தட்டு, ஓடுகிற பிள்ளைகள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பொட்டலத்தைக் கொடுத்தால் நாளைக்கு அது அங்கேதான் வரும். கொடுக்காமல் வெறுங்கையோடு எப்படி நிற்பது? விடுதி அம்மா எதிரே வந்து வணக்கம் சொன்னார். நான் பைக்குள் கையை விட்டபடி நின்றேன்.

அவள் என் பையைப் பிடித்து இழுத்தாள். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நேராக வாசல் கேட்டுக்குப் போய், அங்கே உட்கார்ந்திருந்த வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு ஓடி வந்தாள்.

"அவருக்கு எதுக்கு?" என்றேன்.

"அவரு உக்காந்தே இருக்காரு மாமா. ஓட மாட்டாரு."

கிளம்பும்போது வாட்ச்மேன் என்னைக் கூப்பிட்டு, "ஊட்டித் தூளுங்களா? சாப்பாட்டோட குடிச்சா நல்லா இருக்குமுங்களா?" என்று கேட்டார்.  "கொஞ்சம் தள்ளிக் குடிங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.